பாரிஸின் லா தூர் தார்ஜானில் இருவராகச் சாப்பிடுவது எப்படி: முன்பதிவு முதல் மெட்ரோ வரை

சென் ஆற்றின் இடது கரையில், துர்னெல் கரைச் சாலையில், 15-ஆம் எண் கட்டடத்தின் ஆறாவது மாடியில் இருக்கிறது லா தூர் தார்ஜான். நான் பாரிஸில் இருப்பதால், திருமண நாளுக்கு ஊரிலிருந்து வரும் உறவினர்களும் நண்பர்களும் இந்த உணவகத்தைப் பற்றி என்னிடம்தான் கேட்பார்கள். சிலரோடு கூடவே போயிருக்கிறேன். சிலருக்கு முன்பதிவு செய்து கொடுத்துவிட்டு மறுநாள் கதை கேட்டிருக்கிறேன்.

முள்கரண்டியைத் தவறாகப் பிடித்ததால் தடுமாறியவர் ஒருவர்கூட இல்லை. வீட்டிலேயே முடிவு செய்திருக்க வேண்டியதை மேசைக்கு எடுத்துப் போனவர்கள்தான் தடுமாறினார்கள். எது எவ்வளவு, எதில் என்ன கலந்திருக்கிறது, எதைச் சொன்னால் தப்பாகிவிடும் என்ற கவலையோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் எதிரில் இருப்பவரின் முகம் பார்க்கக்கூட நேரம் இருக்காது. அதனால் கீழே உள்ள வரிசையில் பாதிக்கு மேல் உணவகத்துக்குப் போகும் முன்பே முடிய வேண்டிய வேலைகள். பாரிஸின் மற்ற பழைய பெரிய உணவகங்களுக்கும் இதே வரிசை பொருந்தும்.

1. தேதிக்கு முன் வெளிச்சத்தை முடிவு செய்யுங்கள்

எல்லோரும் முதலில் தேதியைக் குறிக்கிறார்கள், பிறகு "இரவு எட்டு மணி" என்று போட்டுவிடுகிறார்கள். இந்த இடத்தின் அழகில் பாதி ஜன்னலுக்கு வெளியே இருக்கிறது. கீழே சென் ஆறு, அதன் நடுவே சென் லூயி தீவு, கொஞ்சம் தள்ளி நோத்ர் தாம் தேவாலயம். படங்களில் பார்த்த இரட்டைக் கோபுர முகப்பு அந்தப் பக்கம் திரும்பியிருக்கும். இங்கிருந்து தெரிவது பின்புறம்: சுவரைத் தாங்கி நிற்கும் கல் வளைவுகள். எனக்கு முகப்பைவிட இதுதான் பிடிக்கும்.

டிசம்பரில் பாரிஸில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். அப்போது இரவுச் சாப்பாட்டுக்குப் போனால் கண்ணாடியில் விளக்குகள்தான் தெரியும். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும், எட்டு மணிக்கு உட்கார்ந்தாலும் பகல்தான். பகல் இருளாக மாறுவதை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்க வேண்டுமென்றால் செப்டம்பர் கடைசி வாரமும் ஏப்ரல் தொடக்கமும் தோது. அந்த நாட்களில் ஏழரைக்கும் எட்டரைக்கும் இடையில் சூரியன் மறையும், நீங்கள் முதல் தட்டில் இருப்பீர்கள். குளிர்காலத்தில்தான் வர முடியும் என்றால் தயங்காமல் மதியச் சாப்பாட்டை எடுங்கள்.

இந்தியாவிலிருந்து வருபவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. கோடையில் பாரிஸ் நம் ஊரைவிட மூன்றரை மணி நேரம் பின்தங்கியது, குளிர்காலத்தில் நாலரை. இங்கே இரவு ஒன்பது என்றால் உங்கள் உடம்புக்கு நள்ளிரவு தாண்டியிருக்கும். வந்து இறங்கிய அன்றே இரவுச் சாப்பாடு வைத்துக்கொண்ட ஒரு தம்பதி, இனிப்பு வரும் முன்பே கண்ணைத் திறக்க முடியாமல் எழுந்து வந்தார்கள். குறைந்தது மூன்றாவது நாள் வையுங்கள். அல்லது மதியம் போங்கள். பன்னிரண்டரைக்கு உங்கள் உடம்பில் மாலை நேரம்தான், நல்ல பசி இருக்கும்.

மதியத்துக்கு இன்னொரு நியாயமும் இருக்கிறது. பெரிய உணவகங்கள் மதியத்துக்கென்று தனியாக ஒரு மெனு வைத்திருக்கும். அதே சமையலறை, அதே ஜன்னல், விலை மட்டும் இரவைவிடக் கணிசமாகக் குறைவு. முதல் முறை போகும் எல்லோருக்கும் நான் சொல்வது மதியம்தான்.

2. பணத்தை வீட்டிலேயே பேசி முடியுங்கள்

வலைத்தளத்தில் மெனு விலையைப் பார்த்து அதை இரண்டால் பெருக்குவது வழக்கமான தவறு. ஓர் உதாரணக் கணக்கு போடுவோம் (இவை நான் வைத்துக்கொண்ட எண்கள், அந்த இடத்தின் விலைகள் அல்ல). மெனு ஆளுக்கு 150 யூரோ என்றால் இருவருக்கு 300. ஆளுக்கு ஒரு கிண்ணம் ஷாம்பெயின், இருவருக்குமாக 50. ஒரு பாட்டில் வைன் 120. இரண்டு பாட்டில் தண்ணீர் 24. காப்பி 20. மொத்தம் 514. முந்நூறு என்று நினைத்து வந்தவர் ஐந்நூறைத் தாண்டுவது இப்படித்தான்.

இதில் எதை விடலாம் என்று முன்பே பேசிவையுங்கள். ஷாம்பெயினும் பாட்டில் தண்ணீரும் கட்டாயமில்லை. "கராஃப் தோ" என்று கேட்டால் குழாய்த் தண்ணீரைக் குடுவையில் தருவார்கள், அதற்குக் காசு கிடையாது. கேட்பதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை, பாரிஸ்காரர்களும் அதைத்தான் கேட்கிறார்கள்.

முன்பே பேசச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சில பழைய உணவகங்களில் அழைத்து வந்தவரின் கையில் மட்டும் விலை போட்ட அட்டையைத் தருவார்கள், விருந்தாளியின் அட்டையில் விலையே இருக்காது. விலை தெரியாதவர் இயல்பாகவே மிக விலையுயர்ந்த தட்டைச் சொல்லிவிடுவார். இன்னொருவர் முகத்தை மாற்றாமல் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இருவருக்கும் விலை தெரிய வேண்டுமென்றால் முன்பதிவிலேயே அதையும் ஒரு வரி எழுதலாம்.

தொகை கையை மீறினால் மனம் தளர வேண்டாம். அதே குடும்பத்தின் லா ரோதிஸ்ரி தார்ஜான் பக்கத்திலேயே, அதே கரையில் இருக்கிறது. ஆறாவது மாடிக் காட்சி கிடையாது, சாப்பாடு நல்ல சாப்பாடு.

3. முன்பதிவு: அட்டையைத் தயார் செய்துவிட்டு உட்காருங்கள்

முன்பதிவின்போது வங்கி அட்டை எண்ணைக் கேட்பார்கள். வராமல் போனாலோ, கடைசி நேரத்தில் ரத்து செய்தாலோ அதிலிருந்து தொகை பிடிப்பார்கள். எத்தனை மணி நேரம் முன்பு ரத்து செய்யலாம் என்பது உறுதி மின்னஞ்சலில் இருக்கும், அந்த வரியைப் படித்து வையுங்கள்.

இந்திய அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை பெரும்பாலும் அடைத்தே வரும். வங்கிச் செயலியில் அதைத் திறந்துவிட்டுத்தான் முன்பதிவைத் தொடங்க வேண்டும். ஓடிபி வரும் எண் பாரிஸிலும் வேலை செய்யுமா என்று பாருங்கள். ஊரில் வைத்துவிட்டு வந்த சிம்முக்கு ஓடிபி போய், இங்கே மனிதர் விழித்துக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

குறிப்பு எழுதும் பெட்டியை வெறுமையாக விடாதீர்கள். மூன்று விஷயங்கள் எழுதுங்கள்: என்ன விசேஷம், ஜன்னலோர மேசை வேண்டும் என்ற விருப்பம், சாப்பாட்டுக் கட்டுப்பாடு. ஜன்னலுக்கு யாரும் உறுதி தரமாட்டார்கள். ஆனால் திருமண நாள் என்று எழுதியவரையும் எதுவும் எழுதாதவரையும் வைத்துக்கொண்டு மேசை பிரிக்கும்போது அந்த ஒரு வரிக்கு மதிப்பு உண்டு.

காதலைச் சொல்லவோ மோதிரம் கொடுக்கவோ போகிறீர்கள் என்றால் அதையும் எழுதுங்கள். மோதிரத்தை இனிப்புக்குள் ஒளிக்கச் சொல்லாதீர்கள். சமையலறைக்கு அது வீண் கவலை, பல்லுக்கும் ஆகாது. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு காப்பி நேரத்தில் எடுங்கள். அதற்குள் பரிமாறுபவர்களின் நடமாட்டம் குறைந்திருக்கும்.

4. சாப்பாட்டுக் கட்டுப்பாட்டைச் சொற்களால் உடைத்துச் சொல்லுங்கள்

நம்மவர்கள் அதிகம் அடிபடுவது இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

"சைவம்" என்ற ஒரு சொல் போதாது. பழைய பிரெஞ்சுச் சமையலின் உயிர் அதன் சாற்றில் இருக்கிறது. கன்றுக்குட்டி எலும்பை மணிக்கணக்கில் காய்ச்சி எடுக்கும் "ஃபோன் த வோ" பல பழுப்பு நிறச் சாஸ்களின் அடியில் இருக்கும். தட்டில் காளானும் வெங்காயமும் மட்டுமே தெரியும், சாஸ் கன்றுக்குட்டியிலிருந்து வந்திருக்கும். இனிப்புகளில் ஜெலட்டின் வரும். பாலாடைக்கட்டிகள் பலவற்றில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருள் சேரும். பாரிஸின் வேறொரு பழைய உணவகத்தில் என்னுடன் வந்த அக்கா, காளான் தட்டைப் பாதி சாப்பிட்ட பிறகுதான் சாஸைப் பற்றிக் கேட்டார். பரிமாறியவர் மறைக்காமல் உண்மையைச் சொன்னார். அதன்பின் அக்கா ரொட்டியைக்கூடத் தொடவில்லை.

ஆகவே முன்பதிவில் இப்படி உடைத்து எழுதுங்கள்: "சான் வியாந்த்" (இறைச்சி இல்லாமல்), "சான் புவாசோன்" (மீன் இல்லாமல்), "சான் புயோன் த வியாந்த்" (இறைச்சிச் சாறு இல்லாமல்), "சான் ஜெலத்தீன்". முட்டையும் பாலும் பரவாயில்லையா என்பதையும் சேருங்கள். இரண்டு நாள் முன்பு தெரிந்தால் சமையலறை உங்களுக்கென்று நன்றாகவே செய்து தரும். வந்து உட்கார்ந்த பிறகு சொன்னால் கையில் இருக்கும் காய்களை அடுக்கித் தருவார்கள். இந்த விலைக்கு அது நியாயமில்லை, ஆனால் குற்றம் அவர்களுடையதும் இல்லை.

மாட்டிறைச்சி மட்டும் தவிர்ப்பவர்கள் "வோ" என்ற சொல்லை நினைவில் வையுங்கள். அது கன்றுக்குட்டி. "பஃப்" (மாட்டிறைச்சி) வேண்டாம் என்று மட்டும் சொன்னால் கன்றிறைச்சி வரலாம். இரண்டையும் சொல்லுங்கள். பன்றி "போர்". மது வேண்டாம் என்றால் சாஸிலும் இனிப்பிலும் வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சாஸ்களில் வைனும் கொன்யாக் பிராந்தியும் சகஜம்.

காதை ஏமாற்றும் ஒரு சொல் இருக்கிறது. "ரி த வோ" என்று சொல்வார்கள். அரிசிக்கான பிரெஞ்சுச் சொல்லும் அதே "ரி" ஒலிதான். அரிசிச் சோறு என்று நம்பிச் சொன்னவருக்கு வந்தது கன்றின் கழுத்துச் சுரப்பி. எழுத்தில் இரண்டும் வேறு, காதில் ஒன்று.

5. உடை

ஆண்களுக்குக் கோட் வேண்டும். டை பெரும்பாலும் கட்டாயமில்லை. ஜீன்ஸ், விளையாட்டுக் காலணி, அரைக்கால் சட்டை வேண்டாம். பட்டுப்புடவை தாராளமாக உடுத்தலாம், அந்தக் கூடத்துக்கு அதைவிடப் பொருத்தமான உடை எனக்குத் தோன்றவில்லை. வேட்டி சட்டை என்றால் முன்பே எழுதிக் கேட்டுவிடுங்கள், வாசலில் நின்று விளக்கம் சொல்லும் நிலை வேண்டாம்.

வாசனைத் திரவியத்தைக் குறையுங்கள். வைனும் சாஸும் மூக்கால் பாதி ருசிக்கப்படுபவை, பக்கத்து மேசைக்கும் அது சேர்த்துத்தான். மல்லிகைச் சரம் கிடைத்தால் சிறியதாக வையுங்கள்.

6. வந்து சேர்வதும் உட்காருவதும்

மெட்ரோவில் வந்தால் 7-ஆம் தடத்தில் போன் மரி, அல்லது 10-ஆம் தடத்தில் கார்தினால் லெமுவான். குறித்த நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பு வந்தால் போதும். அரை மணி நேரம் முன்பே வந்தால் மேசை தயாராகியிருக்காது. இருபது நிமிடம் தாமதம் என்றால் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.

உள்ளே நுழைந்ததும் முதல் சொல் வணக்கமாக இருக்கட்டும். பகலில் "போன்ழூர்", மாலையில் "போன்சுவார்". அதைச் சொல்லாமல் நேராகப் பெயரைச் சொல்வது பிரெஞ்சுக்காரர் காதில் அதட்டலாக விழும். பலர் "பாரிஸில் மரியாதை இல்லை" என்று குறைபடுவதன் தொடக்கம் இந்த ஒரு சொல் விட்டுப்போனதுதான் என்பது என் அனுபவம்.

குளிர் கோட்டையும் பெரிய பையையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். கைபேசியும் கண்ணாடியும் அதில் போய்விடாமல் முன்பே எடுத்துக்கொள்ளுங்கள்.

காட்சி நன்றாகத் தெரியும் இருக்கையை உடன் வந்தவருக்குக் கொடுங்கள். நாற்காலியை இழுத்துத் தருபவர் எந்தப் பக்கம் யார் என்று ஒரு நொடி பார்ப்பார், அப்போது கை காட்டினால் போதும்.

7. "மெனு" வேறு, "கார்த்" வேறு

நாம் மெனு என்று சொல்லும் அட்டைக்கு இங்கே பெயர் "கார்த்". "மெனு" என்றால் நிலையான விலையில், வரிசையாக வரும் முழுச் சாப்பாடு. பரிமாறுபவரிடம் "மெனு" என்று கேட்டுத் தலையாட்டினால், நீங்கள் அட்டை கேட்டதாக நினைப்பீர்கள், அவர் நீங்கள் முழுச் சாப்பாடு சொன்னதாக நினைக்கலாம்.

அதேபோல் "ஆந்த்ரே" என்றால் முதல் தட்டு. "ப்ளா" தான் பிரதானத் தட்டு. பாலாடைக்கட்டி இனிப்புக்கு முன் வரும்.

நீங்கள் கேட்காத சிலவும் வரும். தொடக்கத்தில் ஒரு வாய்க்கு அளவான "அமூஸ் பூஷ்", கடைசியில் காப்பியோடு "மின்யார்தீஸ்" எனும் சின்ன இனிப்புகள். இவற்றுக்குத் தனி விலை கிடையாது. எவ்வளவு சிறிய தட்டு என்று நினைத்து எல்லாவற்றையும் கூடுதலாகச் சொல்லிவிட்டு மூச்சு முட்டுபவர்கள் உண்டு. ரொட்டியிலேயே வயிற்றை நிரப்பிவிடுபவர்களும் உண்டு. ரொட்டியும் வெண்ணெயும் அங்கே மிக நன்றாக இருக்கும், அதனால்தான் எச்சரிக்கிறேன். முதல் தட்டு வரும் வரை ஒன்றோடு நிறுத்துங்கள்.

8. வாத்து சாப்பிடுவதா என்பதை முன்பே தீர்மானியுங்கள்

இந்த இடத்துக்குப் பெயர் வாங்கித் தந்தது வாத்து. 1890 முதல் ஒவ்வொரு வாத்துக்கும் எண் போட்டு வருகிறார்கள், 2003-இல் அந்த எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தொட்டது. உங்கள் வாத்தின் எண்ணை அஞ்சலட்டையில் தருவார்கள்.

இது இருவர் பகிர்ந்துகொள்ளும் தட்டு. ஒருவர் வாத்து, ஒருவர் மீன் என்று பிரிந்தால் சரிவராது. அதனால்தான் வீட்டிலேயே பேசச் சொல்கிறேன். வேண்டுமென்றால் முன்பதிவின்போதே கேட்டு வையுங்கள்.

செய்முறையையும் தெரிந்துகொண்டு போங்கள். மார்புக் கறியை அரிந்தெடுத்த பிறகு, மிச்ச எலும்புக்கூட்டை வெள்ளி அழுத்தியில் வைத்துத் திருகிப் பிழிவார்கள். அதிலிருந்து வரும் ரத்தமும் சாறும் கொன்யாக், மதேரா வைனோடு சேர்ந்து காய்ந்து கெட்டிச் சாஸாகும். கறுத்து, பட்டுப்போல் இருக்கும். முதலில் மார்பு அந்தச் சாஸோடு வரும், பிறகு கால் வறுபட்டு வரும். நம் ஊரில் ஆட்டு ரத்தப் பொரியல் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இது பழகிய ஆழம்தான். ரத்தம் என்றாலே ஒவ்வாதவர்கள் மேசையில் அறிந்துகொள்வதைவிட இப்போதே அறிவது நல்லது.

மார்பு உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அது வேகாததல்ல, அப்படித்தான் சாப்பிட வேண்டும். "பியான் க்யூய்", அதாவது நன்றாக வேகவைத்தது, என்று கேட்டால் செய்து தருவார்கள், ஆனால் கறி விறகாகிவிடும். சிவப்பு பிடிக்காது என்றால் வாத்தை விட்டுவிட்டுக் கெனெல் கேளுங்கள். ப்ரோஷே என்ற நன்னீர் மீனை மசிய அரைத்துச் செய்வது, பஞ்சுபோல் இருக்கும், முள் இருக்காது. ஊரிலிருந்து வந்த பெரியவர்கள் எல்லோருக்கும் பிடித்த தட்டு அது.

9. வைன் பட்டியல்

பட்டியல் என்பது ஒரு புத்தகம். எட்டுக் கிலோ அளவு எடை. அதைப் பிரித்துப் படிக்க உட்கார்ந்தால் அரை மணி நேரம் போய்விடும், துணைவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். புத்தகத்தை மூடிவிட்டு, வைன் தேர்ந்தெடுக்க உதவும் சொமெலியேயிடம் மூன்று செய்திகளைச் சொல்லுங்கள்: என்ன சாப்பிடப் போகிறீர்கள், பாட்டிலா கோப்பையா, எவ்வளவுக்குள்.

தொகையை வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால், பட்டியலில் அந்த அளவு விலையுள்ள ஒரு வரியைத் தொட்டு, "இதுபோல் ஒன்று" என்று சொல்லுங்கள். அவருக்கு உடனே புரியும்.

பாட்டிலைத் திறந்ததும் உங்கள் கோப்பையில் கொஞ்சம் ஊற்றிக் காத்திருப்பார். பிடித்திருக்கிறதா என்று கேட்பதற்காக அல்ல. வைன் கெட்டிருக்கிறதா என்று பார்க்கத்தான். ஈர அட்டைப்பெட்டி வாடை அடித்தால் சொல்லுங்கள், மாற்றுவார்கள். இல்லையென்றால் தலையசைத்தால் போதும். மது குடிக்காதவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், பழச்சாறு வகைகளைப் பற்றிக் கேளுங்கள்.

10. மேசையில்

கத்தி, முள்கரண்டிகளை வெளிப்பக்கத்திலிருந்து உள்நோக்கி எடுத்துக்கொண்டே வரவும். தவறாக எடுத்தாலும் அடுத்த தட்டுக்கு முன் புதிது வைத்துவிடுவார்கள். ரொட்டியைக் கையால் பிய்க்கலாம். பரிமாறுபவரை "மெஸ்யூ", "மதாம்" என்று அழையுங்கள், "கார்சோன்" (பையன்) என்று கூப்பிடக் கூடாது.

முடித்துவிட்டால் கத்தியையும் முள்கரண்டியையும் இணையாகத் தட்டில் வையுங்கள். இன்னும் சாப்பிடுகிறீர்கள் என்றால் பிரித்து வையுங்கள். ஒருவர் முடித்து இன்னொருவர் முடிக்காதவரை தட்டை எடுக்கமாட்டார்கள். தாமதத்துக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

படம் எடுக்கலாம், ஃபிளாஷ் வேண்டாம். இருட்டிய பிறகு கண்ணாடியில் ஃபிளாஷ் அடித்தால் நோத்ர் தாம் வராது, உங்கள் கைபேசிதான் வரும்.

11. பில்லும் புறப்பாடும்

நீங்கள் கேட்காமல் பில் வராது. காத்திருந்து காத்திருந்து, கவனிக்கவில்லை என்று கோபப்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன். விருந்தாளியை எழுப்பிவிடுவதுபோல் ஆகும் என்பதால்தான் கொண்டுவருவதில்லை. "லாதிஸ்யோன், சில் வூ ப்ளே" என்று சொல்லுங்கள்.

பிரான்ஸில் உணவு அட்டையில் இருக்கும் விலையிலேயே வரியும் சேவைக் கட்டணமும் அடங்கிவிட்டன. மேலே பத்து, பதினைந்து சதவீதம் சேர்க்க வேண்டிய கட்டாயமில்லை. மனம் நிறைந்திருந்தால் கொஞ்சம் பணத்தை மேசையில் வைக்கலாம், அதற்கு ரொக்கம் எடுத்து வாருங்கள். அட்டை இயந்திரம் யூரோவா ரூபாயா என்று கேட்டால் யூரோவைத் தேர்ந்தெடுங்கள். ரூபாயைத் தொட்டால் மாற்று விகிதத்தில் உங்களுக்கு நஷ்டம்.

வாத்து அட்டையைத் தட்டையாக வைக்க ஒரு புத்தகமோ கெட்டி உறையோ பையில் இருக்கட்டும். மடிந்த அட்டையோடு ஊர் திரும்பியவர்கள் எனக்கு இரண்டு முறை தொலைபேசியில் வருத்தப்பட்டிருக்கிறார்கள்.

வார நாட்களில் நள்ளிரவு தாண்டி ஒரு மணியை ஒட்டி மெட்ரோ நின்றுவிடும். அதற்கு நேரமிருந்தால் டாக்ஸி வேண்டாம். உயரக் காலணி போட்டிருந்தால் பையிலிருக்கும் தட்டைக் காலணிக்கு மாறிக்கொண்டு, துர்னெல் பாலத்தில் நடந்து சென் லூயி தீவைக் குறுக்கே கடந்து போன் மரி நிலையத்துக்குப் போங்கள். பத்து நிமிட நடைக்குள்தான். பாலத்தின் நடுவில் நின்று இடப்பக்கம் திரும்பினால் மேலே ஜன்னலிலிருந்து பார்த்த அதே கல் வளைவுகள் இப்போது தண்ணீர் மட்டத்திலிருந்து தெரியும்.